942-லிருந்து 943: ஒரு புள்ளிக்குள் மறைந்திருந்த தமிழ்நாடு

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் குழந்தைப் பாலின விகிதம் 942. அதாவது ஏழு வயது நிறையாத ஆண் குழந்தைகள் ஆயிரம் பேர் என்றால், அதே வயதுப் பெண் குழந்தைகள் 942 பேர். 2011-ல் அது 943. பத்து வருடத்தில் ஒரே ஒரு புள்ளி. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர்கள், நிலைமை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றுதான் நினைப்பார்கள். மாவட்டவாரியாக வரைபடம் போட்டுப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதே பத்து வருடத்தில் தருமபுரி 826-லிருந்து 913-க்கு ஏறியிருந்தது. சேலம் 851-லிருந்து 916-க்கு வந்திருந்தது. கடலூரோ 957-லிருந்து 896-க்கு இறங்கியிருந்தது. பக்கத்திலேயே அரியலூர், 949-லிருந்து 897. மாநிலத்தின் ஒரு பகுதியில் பெண் குழந்தைகளின் பங்கு கூடிக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு பகுதியில் குறைந்துகொண்டிருந்தது. ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று ஈடுகட்டியதில் மாநில சராசரி அசையாமல் இருந்துவிட்டது.

அந்த வரைபடம் எப்படி உருவானது, வழியில் எங்கெங்கே தப்பாகப் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தப்பாகப் போன இடங்களில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அதனால் அவற்றைச் சுருக்காமல் சொல்கிறேன்.

கேட்டவர்கள், கேட்ட கேள்வி

பெண் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு சிறிய மகளிர் அமைப்பு, பயிற்சி வகுப்பில் சுவரில் மாட்ட ஒரு வரைபடம் வேண்டும் என்று கேட்டது. அதை ஒருங்கிணைக்கும் அக்காவுக்கு ஊர், கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் வெள்ளாற்றங்கரை. ஆற்றைத் தாண்டினால் வேறு மாவட்டம். மாவட்டவாரியாக நிறம் போட்டுத் தருகிறேன் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "எங்க ஊரு என்ன கலர்ல வரும் தம்பி?" என்பதுதான். மாவட்டத்துக்கு என்ன நிறமோ அதே நிறம்தான் அக்கா என்றேன். "ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க சம்பந்தி ஊரு. அங்கயும் இதே கதைதானே?" என்றார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. அரை நாள் வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

வரைபடம் போட எடுத்த மென்பொருள் கியூஜிஐஎஸ். இலவசம், எந்தச் சாதாரண கணினியிலும் ஓடும். தரவு, கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம். ஒவ்வொரு மாவட்டம், வட்டம், ஊர் என்று ஒரு வரி. அதில் 0 முதல் 6 வயது வரையிலான ஆண்கள், பெண்கள் தனித்தனிப் பத்தியில் இருக்கும். பெண்ணை ஆணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் விகிதம் வந்துவிடும். எல்லைக் கோப்புக்கு, 2011 கணக்கெடுப்பின் மாவட்ட எல்லைகளை வரைந்து வைத்திருக்கும் தன்னார்வலர்களின் திறந்த தரவு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து ஓட்டைகள்

எண் இருக்கும் அட்டவணையையும் எல்லை இருக்கும் அடுக்கையும் இணைக்க இரண்டுக்கும் பொதுவாக ஒரு பத்தி வேண்டும். மாவட்டப் பெயரை வைத்து இணைத்தேன். திரையில் தமிழ்நாடு வந்தது, ஐந்து இடத்தில் வெள்ளை ஓட்டைகளோடு.

காரணம் எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் விழுப்புரத்துக்கு ஒரு கோப்பில் 'எல்' ஒன்று, இன்னொன்றில் இரண்டு. கன்னியாகுமரி ஒன்றில் இரண்டு 'என்', ஒன்றில் ஒன்று. தூத்துக்குடி ஒரு கோப்பில் தூத்துக்குடி, இன்னொன்றில் டூட்டிகொரின். திருச்சிராப்பள்ளியை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். நீலகிரிக்கு முன்னால் ஒரு 'தி' இருந்தால் போதும், கணினிக்கு அது வேறு ஊர்.

பெயர்களைக் கையால் திருத்திவிடலாம், 32 மாவட்டம்தான். ஆனால் அடுத்து வட்டங்களுக்குப் போகும்போது இருநூற்றுச் சொச்சம், கிராமம் என்றால் பல்லாயிரம். அதனால் ஆரம்பத்திலேயே குறியீட்டு எண்ணுக்கு மாறிவிடுவது நல்லது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 33. மாவட்டங்களுக்கு 602 திருவள்ளூரில் தொடங்கி 633 திருப்பூர் வரை.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. வட்டங்களுக்கு ஐந்து இலக்கக் குறியீடு. நாடு முழுதும் சேர்த்தே ஆறாயிரத்துக்கும் குறைவான வட்டங்கள்தான் என்பதால் எல்லாக் குறியீடும் பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அந்தக் கோப்பைத் திறந்த கணமே முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். எல்லைக் கோப்பில் பூஜ்யம் இருக்கும், அட்டவணையில் இருக்காது, ஒரு வட்டம்கூட இணையாது. பிழைச் செய்தியும் வராது. அந்தப் பத்தியை எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் படிக்கச் சொல்லி முதலிலேயே அமைத்துவிட வேண்டும். இதற்கு எனக்கு ஒரு மாலை முழுதும் போனது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய அரசுக் கோப்புகள் பலவற்றில், மாவட்டம் முதல் கிராமம் வரை அரசு தனியாக எண் கொடுத்து வைத்திருக்கும் உள்ளாட்சி அடைவின் குறியீடுகள் இருக்கும். அவை வேறு, கணக்கெடுப்புக் குறியீடுகள் வேறு. இரண்டும் வெறும் எண்கள் என்பதால் தவறுதலாக ஒன்றை இன்னொன்றோடு இணைத்தாலும் சில வரிகள் பொருந்திவிடும். ஓட்டை விழுந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். தப்பாகப் பொருந்தியது தெரியவே தெரியாது.

நிறம் சொன்ன பொய்

ஓட்டைகள் அடைந்தன. 2001-க்கு ஒரு வரைபடம், 2011-க்கு ஒரு வரைபடம், பக்கத்தில் பக்கம். மென்பொருள் தானாகவே ஐந்து வகுப்பாகப் பிரித்து வெளிர் நிறத்திலிருந்து அடர் சிவப்பு வரை போட்டுக் கொடுத்தது. பார்த்தால் இரண்டிலும் தருமபுரி அடர் சிவப்பு, சேலம் அடர் சிவப்பு. மாற்றமே இல்லாததுபோல் ஒரு தோற்றம்.

எண்ணைப் பார்த்தால் தருமபுரி 87 புள்ளி ஏறியிருக்கிறது. அது வரைபடத்தில் எங்கே போனது?

கியூஜிஐஎஸ் நாம் எதையும் மாற்றாவிட்டால் சம எண்ணிக்கை முறையில் வகுப்புப் பிரிக்கும். 32 மாவட்டங்களை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு வகுப்பிலும் ஆறு ஏழு. ஆக, நிலைமை எப்படி இருந்தாலும் கடைசி ஆறு மாவட்டம் அடர் சிவப்பாகத்தான் இருக்கும். நாளைக்கே எல்லா மாவட்டமும் 950-ஐத் தாண்டினாலும் அப்போதும் ஆறு சிவப்பு இருக்கும். அது வகுப்பில் கடைசி ரேங்க் யார் என்று சொல்கிறதே ஒழிய, யார் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்று சொல்வதில்லை. 2011-ல் 913 என்பது கடைசி ஆறுக்குள் இருந்தது. அதனால் 826-க்குக் கிடைத்த அதே நிறம் 913-க்கும் கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு வரைபடத்துக்கும் ஒரே வகுப்பு எல்லைகள் இருக்க வேண்டும். அவற்றை நாம்தான் கையால் தட்டிக் கொடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கும் ஒரு நியாயம் வேண்டும். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. திருப்பிப் போட்டால் ஆயிரம் ஆணுக்கு 952 பெண். அதனால் 950-ஐ நடுக்கோடாக வைத்தேன். அதற்கு மேல் ஒரு நிறக் குடும்பம், கீழே இன்னொன்று. கீழே 940, 920, 900 என்று படிகள். சிவப்பும் பச்சையும் வைக்கவில்லை. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்கள் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். ஆரஞ்சும் நீலமும் போதும்.

இப்படி மாற்றியதும் படம் வேறாகிவிட்டது. 2001-ல் 900-க்குக் கீழே அழுந்திக் கிடந்த வடமேற்குப் பகுதி 2011-ல் ஒரு படி வெளிறியிருந்தது. 2001-ல் நீலமாக இருந்த கடலூர் 2011-ல் மிக அடர்ந்த ஆரஞ்சு.

தருமபுரியை இரண்டாகப் பிரித்த கோடு

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2001-ல் தமிழ்நாட்டில் 30 மாவட்டங்கள். 2011-ல் 32. இடையில் 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது; 2009-ல் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்துத் திருப்பூர் உருவானது. 2011 குறியீடுகளைக் கவனித்தால் கடைசி நான்கு எண்கள் தருமபுரி 630, கிருஷ்ணகிரி 631, கோயம்புத்தூர் 632, திருப்பூர் 633. எல்லை மாறியவை வரிசையின் கடைசியில் ஒன்றாக நிற்கின்றன. இந்த நான்கையும் கண்டால் பழைய எண்ணோடு ஒப்பிடுவதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிப்பது நல்லது. ஈரோடு தன் பழைய வரிசையிலேயே இருக்கிறது. ஆனால் அதன் எல்லையும் மாறியதுதான்.

நான் முதலில் 2001-க்கான எண்களைப் பழைய அறிக்கையிலிருந்தே எடுத்தேன். அந்த அறிக்கையில் மாநிலத்திலேயே கடைசி மாவட்டம் சேலம், 851. தருமபுரி அதைவிடப் பரவாயில்லை என்றுதான் இருந்தது. கிருஷ்ணகிரி என்ற வரியே இல்லை. சரி, பிரியாத மாவட்டத்தின் எண்ணையே இரண்டுக்கும் போட்டுவிடலாம் என்று போட்டேன். வரைபடம் நிறைந்துவிட்டது, அழகாகவும் இருந்தது.

பிறகு 2011 அட்டவணைகளில், 2001-ன் எண்களைப் புதிய எல்லைக்குள் மறுபடி கூட்டிக் கொடுத்திருந்ததைப் பார்த்தேன். கிருஷ்ணகிரிப் பகுதி 905. மிச்சமிருந்த தருமபுரி 826. சேலத்தைவிட 25 புள்ளி கீழே. 2001-ல் மாநிலத்தின் ஆக ஆழமான பள்ளம் சேலம் இல்லை, இன்றைய தருமபுரி. அது 2001-லும் அங்கேயேதான் இருந்தது. பெரிய மாவட்டத்தின் சராசரிக்குள் கிருஷ்ணகிரிப் பகுதியோடு கலந்து மறைந்திருந்தது, அவ்வளவுதான். நிலத்தில் எதுவும் மாறவில்லை. ஒரு நிர்வாகக் கோடு போட்டதும் 826 வெளியே வந்தது.

புவியியலாளர்களுக்கு இது பழைய செய்தி. 1934-லேயே கெல்கே, பீல் என்ற இருவர் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரத்துக் கணக்கெடுப்புப் பகுதிகளை ஒன்றோடொன்று சேர்க்கச் சேர்க்க, இரண்டு விஷயங்களுக்கு இடையிலான ஒட்டுறவு, அதாவது ஒன்று மாறும்போது மற்றதும் சேர்ந்து மாறும் அளவு, கூடிக்கொண்டே போவதைக் காட்டினார்கள். மக்கள் அதே மக்கள். கூட்டிய விதம்தான் வேறு. படித்துத் தெரிந்துகொண்டது வேறு, நம் தருமபுரியில் 826 என்று பார்ப்பது வேறு. நான் பிரியாத எண்ணைப் போட்டு முடித்த வரைபடம் அச்சுக்குப் போயிருந்தால், கிருஷ்ணகிரிக்கு இல்லாத ஒரு பழியும் தருமபுரிக்குக் கிடைக்கக் கூடாத ஒரு நிம்மதியும் சுவரில் தொங்கியிருக்கும்.

இதே வகையில் இன்னொரு கலப்படம்: 2011-ன் தற்காலிக எண்கள். கணக்கெடுப்பு முடிந்ததும் வெளிவந்தது 946. 2013-ல் வந்த இறுதி எண் 943. இணையத்தில் இன்றும் இரண்டும் புழங்குகின்றன. 942-லிருந்து 946 என்று எழுதினால் முன்னேற்றம், 943 என்றால் தேக்கம். எந்த எண்ணை எடுத்தோம் என்று வரைபடத்தின் அடியில் சிறிய எழுத்தில் எழுதுவது கட்டாயம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கழித்துப் பார்த்த வரைபடம்

புதிய எல்லைக்குள் இரண்டு ஆண்டு எண்களும் வந்தபிறகு மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: 2011-லிருந்து 2001-ஐக் கழித்தது. அதற்கு நிறம் போட்டதுதான் கடைசியில் சுவரில் மாட்டியது.

அதில் இரண்டு திட்டுகள். தருமபுரி, சேலம் பக்கம் ஏறியவை. கடலூர், அரியலூர், பெரம்பலூர் பக்கம் இறங்கியவை. தனித்தனி மாவட்டமாகப் பட்டியலில் படிக்கும்போது இவை வெறும் பெயர்கள்; அகரவரிசையில் அரியலூரும் கடலூரும் பக்கத்தில்கூட வராது. வரைபடத்தில் அவை ஒட்டி நிற்கின்றன. பெரம்பலூர் ஒரு பக்கம் சேலத்தைத் தொடுகிறது, இன்னொரு பக்கம் அரியலூரையும் கடலூரையும் தொடுகிறது. பழைய பள்ளமும் புதிய பள்ளமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பது அட்டவணையில் எந்த வரியிலும் எழுதப்படாத தகவல்.

கண்ணுக்குத் திட்டாகத் தெரிவதெல்லாம் திட்டு இல்லை என்பதால் அதைச் சோதிக்கவும் வேண்டும். ஜியோடா என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு மாவட்டத்தையும் அதன் அண்டை மாவட்டங்களின் சராசரியோடு ஒப்பிடலாம். தாழ்ந்த மாவட்டத்தைச் சுற்றித் தாழ்ந்தவையே இருக்கின்றனவா, அல்லது நிறங்களைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்தாலும் இப்படி ஒரு கூட்டம் விழுமா என்று கணினி ஆயிரம் முறை கலைத்துப்போட்டுப் பார்க்கும். மோரன் குறியீடு என்பது இதைத்தான் அளக்கிறது. செய்யும்போது ஓரத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டை மட்டும் வெட்டியெடுத்தால் கிருஷ்ணகிரிக்குப் பாதி அண்டை வீட்டார் காணாமல் போகிறார்கள். புதுச்சேரி கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே துண்டுதுண்டாக ஓட்டையாகிவிடுகிறது, காரைக்காலும் அப்படியே. அண்டை மாநில மாவட்டங்களையும் புதுச்சேரியையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு, அச்சிடும்போது மட்டும் மறைத்துக்கொள்ளலாம்.

இந்தத் திட்டை அரசும் பார்த்திருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011-ல் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. இந்த ஐந்தையும் வரைபடத்தில் நிழலிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பரப்பாக வரும்.

அக்காவின் ஊருக்கு இறங்கியது

மாவட்ட வரைபடத்தைக் காட்டியபோது அக்கா மறுபடியும் தன் ஊரைத்தான் தேடினார். அவர் கேட்டது நியாயம். கடற்கரைப் பக்கம் இருக்கும் சிதம்பரமும் உள்ளே தள்ளி இருக்கும் திட்டக்குடியும் ஒரே நிறத்தில் இருக்கும் வரைபடம், வேலை செய்பவருக்கு அடுத்து எந்த ஊருக்குப் போவது என்று சொல்வதில்லை.

வட்ட அளவில் போட்டதும் எந்த மாவட்டமும் ஒரே நிறத்தில் இல்லை. மாவட்டக் கோடுகளை அணைத்துவிட்டு வட்டங்களின் நிறத்தை மட்டும் வைத்துப் பார்ப்பது ஒரு நல்ல பயிற்சி. எங்கே நிறம் மாறுகிறது, எங்கே கோடு மாறியும் நிறம் மாறவில்லை என்று தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதானே என்று அவர் கேட்டதற்கு விடை தேட வேண்டிய இடம் இதுதான். பெண் கொடுத்து பெண் எடுப்பதும், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருவதும் மாவட்ட எல்லையைப் பார்த்து நடப்பதில்லை.

பிறகு கிராம அளவுக்குப் போனேன். அங்கே வரைபடம் உடைந்துவிட்டது. அடர் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அடர் நீலம், அதற்குப் பக்கத்தில் மறுபடி ஆரஞ்சு. காகிதத் துண்டுகளை வாரி இறைத்ததுபோல.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் தெரியும். ஒரு சிற்றூரில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். 35 ஆண், 25 பெண் என்றால் விகிதம் 714. பயங்கரமான எண். 25 ஆண், 35 பெண் என்றால் 1,400. ஒரு நாணயத்தை 60 முறை சுண்டினால் தலை சரியாக 30 விழாது; நான்கைந்து கூடவோ குறையவோ விழுவது சாதாரணம், எப்போதாவது எட்டுகூட விழும். 38 ஆண், 22 பெண் வந்தால் விகிதம் 579. அதுவும் யாரும் எதுவும் செய்யாமல் தற்செயலாக வரக்கூடியதுதான். அப்படிப்பட்ட ஊரை அடர் ஆரஞ்சில் காட்டி, ஊர்ப் பெயரையும் எழுதி, கூட்டத்தில் மாட்டினால் அந்த ஊருக்கு நாம் செய்வது அநியாயம். பக்கத்து ஊரில் உண்மையிலேயே நடப்பது 1,000 என்ற அழகான எண்ணுக்குப் பின்னால் மறைந்திருக்கவும் கூடும்.

இதற்கு வழிகள் உண்டு. சிறு ஊர்களின் எண்ணை, சுற்றியிருக்கும் ஊர்களின் சராசரியை நோக்கி அளவோடு இழுக்கும் ஒரு முறை ஜியோடாவில் இருக்கிறது. குழந்தைகள் குறைவாக உள்ள ஊர் அதிகம் இழுபடும், பெரிய ஊர் அசையாது. இன்னொன்று, பக்கத்து ஊர்களைச் சேர்த்து ஒரு தொகுதியாக்கிக் கணக்கிடுவது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்தோஃப் கில்மோட்டோவின் குழு தென்னிந்தியா முழுவதையும் கிராம அளவில் வரைபடமாக்கிய பெரும்பணியில் இந்தக் கேள்விகளையெல்லாம் முன்பே சந்தித்திருக்கிறது. நான் எளிய வழியை எடுத்தேன். ஒவ்வொரு ஊரையும் சுற்றி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லா ஊர்களின் குழந்தைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு விகிதம் எடுத்தேன். விகிதங்களின் சராசரியை எடுக்கவில்லை; அது வேறு, தவறும்கூட. ஆண்களைத் தனியாக, பெண்களைத் தனியாகக் கூட்டிவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

தூரம் கணக்கிட வரைபடத்தை மீட்டர் அளவுள்ள ஆயத்தொலைவு முறைக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாட்டின் நடுவே 78 பாகை தீர்க்கரேகை போகிறது. பூமியை ஆறு பாகைக்கு ஒரு மண்டலமாகப் பிரிக்கும் வழக்கமான முறையில் அங்கேதான் மண்டலம் மாறுகிறது; கோவை ஒரு மண்டலத்தில் விழும், சேலமும் கடலூரும் அடுத்ததில். பத்து கிலோமீட்டர் கணக்குக்கு 44-ஆம் மண்டலத்தையே முழு மாநிலத்துக்கும் வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை.

அந்தக் கிராம வரைபடத்தை நான் ஊர்ப் பெயரோடு வெளியிடவில்லை. அக்காவின் குழுவுக்குப் பகுதி அளவில் மட்டும் காட்டினேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஒரு ஊரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டும் அளவுக்கு இந்தத் தரவுக்குப் பலம் இல்லை.

எத்தனை குழந்தைகள்?

விகிதத்துக்கு நிறம் போடும் வரைபடத்தில் இன்னொரு குறை, நிலப்பரப்பு பெரியதாக இருந்தால் பிரச்சினையும் பெரியதாகத் தெரியும். நீலகிரி சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏழேகால் லட்சத்துக்குச் சற்று மேல். 2011-ன் சென்னை 175 சதுர கிலோமீட்டர், 46 லட்சம் பேர். 985 என்ற எண்ணோடு நீலகிரி ஒரு பெரிய நீலப் பரப்பாகக் கண்ணை நிறைக்கும். சென்னையை விரலால் மறைத்துவிடலாம்.

அதனால் விகிதத்தோடு நிற்காமல், இருந்திருக்க வேண்டிய பெண் குழந்தைகளுக்கும் இருப்பவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மாவட்டவாரியாக வட்டங்களாகப் போட்டேன். இருந்திருக்க வேண்டிய எண் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் பார்ப்போம். 2011-ல் 0-6 வயது ஆண் குழந்தைகள் 38,20,276. பெண் குழந்தைகள் 36,03,556. ஆயிரத்துக்கு 950 என்று வைத்தால் 25,706 பெண் குழந்தைகள் குறைகிறார்கள். 952 என்று வைத்தால் 33,347. அளவுகோலை இரண்டே புள்ளி நகர்த்தியதில் ஏழாயிரத்துக்கு மேல் வித்தியாசம். இதுவும் கூட்டிக் கழித்தது. 952-க்கு மேல் இருக்கும் மாவட்டங்களின் உபரி, கீழே இருக்கும் மாவட்டங்களின் குறையை மூடுகிறது. கடலூரில் குறைந்த ஒரு பெண் குழந்தையை நீலகிரியில் பிறந்தவள் ஈடுகட்ட முடியாது. ஆகவே மாவட்டவாரியாகக் குறையை மட்டும் கூட்டினால் எண் இதைவிடப் பெரியதாகத்தான் வரும். எந்த எண்ணைச் சொன்னாலும் எந்த அளவுகோலில் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிறத்துக்குப் பின்னால்

0-6 விகிதம் பிறப்பை மட்டும் அளப்பதில்லை. 2011-ல் எண்ணப்பட்டவர்கள் 2004 மார்ச்சிலிருந்து ஏழு வருடங்களில் பிறந்து உயிரோடு இருப்பவர்கள். கருவிலேயே தடுக்கப்பட்டது, பிறந்தபின் கொல்லப்பட்டது, காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் விட்டது, எண்ண வந்தவரிடம் பெண் குழந்தையைச் சொல்லாமல் விட்டது என எல்லாமே ஒரே எண்ணுக்குள் போய் விழுகின்றன. நிறத்தைப் பார்த்து எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறப்புப் பதிவிலிருந்து வரும் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலோ பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். பெரிய மருத்துவமனை இருக்கும் ஊரில் சுற்றுவட்டாரக் குழந்தைகளெல்லாம் சேர்ந்துவிடுவார்கள்.

எழுத்தறிவு, வேலை, சாதி என்று கணக்கெடுப்பின் மற்றப் பத்திகளையும் எடுத்து ஒட்டுறவு பார்க்கச் சொல்லி அந்த அமைப்பிலேயே சிலர் கேட்டார்கள். செய்யலாம், ஒரு சொடுக்குதான். ஆனால் எழுத்தறிவு கூடிய வட்டத்தில் விகிதம் குறைந்தால், படித்தவர்கள்தான் செய்கிறார்கள் என்று ஆகிவிடாது. வட்டத்தின் எண் வட்டத்தைப் பற்றியது. எந்த வீட்டில் நடந்தது என்று அது சொல்வதில்லை. குறிப்பிட்ட சமூகத்தின் மீது விரல் நீட்ட இப்படிப்பட்ட வரைபடங்களைப் பயன்படுத்துவதை நான் கண்டிருக்கிறேன். அதற்கு என் கோப்புகளைத் தர மறுத்திருக்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்புக்கு

வரப்போகும் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து, 2025 ஜூனில் அரசிதழில் அறிவிப்பு வந்தது. அந்த எண்கள் வரும்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டம் இல்லை, 38. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்துவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, திருநெல்வேலியிலிருந்து தென்காசி, வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. வட்டங்களும் பல புதிது.

2001-ல் தருமபுரிக்குள் மறைந்ததுபோல 2011-ன் விழுப்புரத்துக்குள் என்ன மறைந்திருக்கிறது என்று பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2011-ன் கிராம வரிகளை எடுத்து, ஒவ்வொரு கிராமத்துக்கும் பக்கத்தில் அது இன்று எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று இரண்டு பத்தி சேர்த்து, புதிய எல்லைக்குள் மறுபடி கூட்டினால் போதும். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். கடலூரும் அரியலூரும் பெரம்பலூரும் முடிந்தன. விழுப்புரத்தையும் கள்ளக்குறிச்சியையும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் ஊர்ப் பெயர்ப் பட்டியலை அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலக் கோப்பில் ஒரே மாதிரி எழுதப்பட்ட இரண்டு ஊர்களில் எது ஆற்றுக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று அவருக்குத்தான் தெரியும்.